ஐஎஸ்ஓ-வுக்குப் பயந்தா கிரெயின்ஸ் குறையாது

கல்யாண வீடியோ, கோயில் திருவிழா வீடியோ எடுக்குறவங்க மத்தியில திரும்பத் திரும்ப வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு. விடியக்காலைல நாலரை ஆறு முகூர்த்தம், மண்டபத்துல லைட் பத்தல, எந்த ஐஎஸ்ஓ (கேமராவுல படத்த பிரைட்டாக்குற நம்பர்) வரைக்கும் போனா கிரெயின்ஸ் (படத்துல ஓடுற புள்ளி) அடிக்காது? உடனே வர்ற பதில், 800-க்கு மேல ஏத்தாத, மிஞ்சிப்போனா 1600. இந்தப் பதில அப்படியே மனசுல வச்சுக்கிட்டு போறவங்க இருட்டா ஒரு புட்டேஜ கொண்டுவந்து, எடிட்ல பிரைட்னஸ் ஏத்தி, பொண்ணு மாப்பிள்ளை மூஞ்சி பூரா பச்சையும் ஊதாவுமா புள்ளி ஓடுறதப் பாத்துட்டு கேமராவையே மாத்தணும்னு முடிவுக்கு வந்துடுறாங்க. பெரும்பாலான நேரம் கேமரா நல்லாத்தான் இருக்கு. அந்த ஐஎஸ்ஓ நம்பர் மேல இருக்குற பயம்தான் இந்தப் புள்ளிய, அதாவது நாய்ஸ, கொண்டுவந்து விட்டுடுது, லட்சக்கணக்குல செலவு பண்ணி வேற பாடி வாங்குறதுக்கு முன்னாடி இது ஏன்னு புரிஞ்சுக்கிட்டா நல்லதுன்னுதான் இவ்ளோ விரிவா எழுதுறேன்.

நாய்ஸ் எங்க பொறக்குதுன்னு முதல்ல பாத்துடுவோம். வெளிச்சம் ஒரே சீரா வர்றதில்ல, ஃபோட்டான் ஃபோட்டானா, எப்ப எங்க விழும்னு சொல்ல முடியாத மாதிரி வருது. தூறல் ஆரம்பிச்ச முதல் நிமிஷம் சிமெண்ட் தரையப் பாருங்க, ஒரு இடத்துல நாலு சொட்டு, பக்கத்துல ஒண்ணுமே இல்ல, தரை புள்ளி புள்ளியா இருக்கும், அதே மழை கொட்டித் தீத்தா தரை முழுக்க ஒரே நிறமா ஆயிடும். சென்சார்லயும் இதேதான் நடக்குது. ஒரு பிக்சல்ல சராசரியா 10,000 ஃபோட்டான் விழுந்தா அதுல வர்ற ஏத்த இறக்கம் சுமார் 100, அதாவது 1 சதவீதம், கண்ணுக்கே தெரியாது. 100 ஃபோட்டான்தான் விழுந்துச்சுன்னா ஏத்த இறக்கம் 10, அது 10 சதவீதம், நல்லாவே தெரியும். எண்ணிக்கையோட வர்க்கமூலம் எவ்ளோவோ அவ்ளோ நாய்ஸ். எந்த கம்பெனி கேமரா வாங்குனாலும் இது மாறாது, ஏன்னா இது வெளிச்சத்தோட குணம், கேமராவோட குறை இல்ல.

இதுக்கு மேல கேமராவும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேக்குது. சென்சார்ல இருந்து சிக்னல வெளிய எடுக்கும்போது சர்க்யூட்ல வர்ற ரீட் நாய்ஸ், சென்சார் சூடானா கூடுற டார்க் கரண்ட், எப்பவும் ஒரே இடத்துல நிக்குற ஹாட் பிக்சல். முகூர்த்தம், நலங்கு, சாப்பாட்டுப் பந்தின்னு மூணு மணி நேரம் நிக்காம ரெக்கார்ட் பண்ற கேமராவுல கடைசி கிளிப், முதல் கிளிப்ப விட ஒரு மாதிரி அழுக்கா இருக்குறதுக்கு சூடும் ஒரு காரணம். ஆனா இதெல்லாம் நல்ல வெளிச்சத்துல தெரியாது, சிக்னல் ரொம்ப சின்னதா இருக்குற நிழல் பகுதியிலதான் தலை தூக்கும். கருப்பு கோட்டு, கூந்தல், மேடைக்குப் பின்னாடி இருக்குற திரை, இங்கதான் முதல்ல புழு நெளியுற மாதிரி தெரியும்.

இப்ப ஐஎஸ்ஓ-வுக்கு வருவோம். ஐஎஸ்ஓ ஏத்துனா சென்சார் கூடுதலா வெளிச்சத்த உறிஞ்சுறதில்ல. உள்ள வந்த ஃபோட்டான் அவ்ளோதான், அது அப்பர்ச்சரும் (லென்ஸோட திறப்பு) ஷட்டரும் (ஒரு ஃப்ரேம் வெளிச்சம் வாங்குற நேரம்) மண்டபத்து லைட்டும் சேந்து முடிவு பண்ணுன விஷயம். ஐஎஸ்ஓ வந்த சிக்னல பெருசாக்கிக் காட்டுது, கூடவே அதுல ஏற்கனவே இருந்த நாய்ஸும் பெருசா தெரியுது. அதனாலதான் ஐஎஸ்ஓ தான் நாய்ஸ உண்டாக்குதுன்னு எல்லாருக்கும் தோணுது. ஆனா அதே அப்பர்ச்சர் அதே ஷட்டர்ல 800 வச்சு எடுத்துட்டு எடிட்ல ரெண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா ரெண்டு மடங்கு) ஏத்துறதும், நேரா 3200 வச்சு எடுக்குறதும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, பெரும்பாலான கேமராவுல 3200 தான் சமமா இல்ல இன்னும் சுத்தமா இருக்கும். காரணம் இதுதான், சிக்னல டிஜிட்டலா மாத்துறதுக்கு முன்னாடியே பெருசாக்கிட்டா, அதுக்கு அப்புறம் வர்ற சர்க்யூட் நாய்ஸ் அந்தப் பெரிய சிக்னலோட ஒப்பிட்டா சின்னதா போயிடுது. இருட்டா எடுத்து அப்புறமா ஏத்துனீங்கன்னா அந்த நாய்ஸையும் சேத்து நாலு மடங்கு ஏத்துறீங்க.

ரா ஃபோட்டோவுல (சென்சார் தகவல அப்படியே வைக்கிற ஃபைல்) இந்த வித்தியாசம் கம்மி, அதப் பாத்து பழகுனவங்கதான் வீடியோவுலயும் அண்டர் எக்ஸ்போஸ் பண்ணிட்டு அப்புறம் தூக்கிக்கலாம்னு நினைக்கிறாங்க. வீடியோவுல ஃபைல சுருக்குற கோடெக் ஒண்ணு நடுவுல உக்காந்திருக்கு. 8 பிட் ஃபைல்ல ஒரு கலருக்கு மொத்தமே 256 படி, 10 பிட்ல 1024. இருட்டா எடுத்த மூஞ்சி அந்த 256-ல கீழ இருக்குற கொஞ்சம் படிக்குள்ளயே அடைஞ்சு கிடக்கும், அத இழுத்து விரிச்சா படி படியா உடையும். அது போக எச்.264, எச்.265-ங்கிற கோடெக் ரெண்டுமே இருட்டுப் பகுதியில யாரும் பாக்க மாட்டாங்கன்னு நம்பி அங்கதான் தகவல அதிகமா வெட்டும், நீங்க அத மேல தூக்குனா கட்டம் கட்டமா வெளிய வரும். அந்தக் கட்டம் நாய்ஸ விட மோசம், ஏன்னா நாய்ஸ எடுக்குற எந்த சாஃப்ட்வேருக்கும் அந்தக் கட்டம் நாய்ஸா தெரியாது, படத்துல இருக்குற உண்மையான விளிம்புன்னு நினைச்சு பத்திரமா விட்டு வச்சிடும்.

இதுல பலருக்கும் தெரியாம போற விஷயம், கேமராவுல ஐஎஸ்ஓ ஏற ஏற நாய்ஸ் நேர்கோட்டுல ஏறுறதில்ல. இப்ப வர்ற நிறைய கேமராவுல ரெண்டு பேஸ் ஐஎஸ்ஓ (அடிப்படை ஐஎஸ்ஓ) இருக்கு, சென்சாருக்குள்ளயே சிக்னல பெருசாக்குற ரெண்டு வேற கெயின் சர்க்யூட் மாதிரி. பேனசானிக் 2014-ல அறிவிச்ச வேரிகேம் 35-ல 800-ம் 5000-மா இத கொண்டுவந்தாங்க, இப்ப கைக்கு அடக்கமான கேமராவுக்கெல்லாம் வந்துடுச்சு. பிளாக்மேஜிக் பாக்கெட் 4கே-ல 400-ம் 3200-ம், அதுல 1000 வரைக்கும் கீழ் சர்க்யூட், 1250-ல இருந்து மேல் சர்க்யூட். அதனால 1000-ல வச்சு எடுத்தத விட 1250-ல எடுத்தது சுத்தமா இருக்கும், நம்பர் பெருசா இருக்கேன்னு பயந்து 1000-லயே நின்னவருக்குத்தான் நாய்ஸ் அதிகம். சோனி ஏ7எஸ் 3-ல எஸ்-லாக்3 (எடிட்ல கலர் பண்ண வசதியா மங்கலா பதிவாகுற முறை) வச்சா 640-ம் 12800-ம். எஃப்எக்ஸ்6-ல 800-ம் 12800-ம். இந்த கேமராவுல எஸ்-லாக்3-ல 8000, 10000-னு வச்சு எடுக்குறதுதான் இருக்குறதுலயே மோசமான இடம், இன்னும் கொஞ்சம் ஏத்தி 12800 தொட்டா நிழல் எல்லாம் சட்டுனு தெளியும். பேனசானிக் எஸ்5-ல அதே மாதிரியான வி-லாக் வச்சா 640-ம் 4000-ம். உங்க கேமராவுல எதுன்னு தெரியலன்னா லென்ஸ் மூடிய போட்டு மூடி, ஒவ்வொரு ஐஎஸ்ஓ-லயும் ரெண்டு செகண்ட் ரெக்கார்ட் பண்ணி, எடிட்ல எல்லாத்தையும் ஒரே அளவு பிரைட்டாக்கிப் பாருங்க. எந்த நம்பர்ல நாய்ஸ் திடீர்னு கீழ விழுதோ அங்கதான் ரெண்டாவது பேஸ் ஆரம்பிக்குது. செலவே இல்லாத டெஸ்ட், ஆனா இத பண்ணிப் பாத்தவங்க ரொம்பக் கம்மி.

சரி, ஐஎஸ்ஓ நாய்ஸ உண்டாக்கலன்னா நாய்ஸ குறைக்க என்ன பண்றது? ஃபோட்டான அதிகமாக்கணும், வேற வழி கிடையாது. முதல் வழி லென்ஸ். கேமராவோட வந்த கிட் லென்ஸ ஜூம் பண்ணா எஃப்/5.6-க்குப் போயிடும் (எஃப் நம்பர் சின்னதாக ஆக திறப்பு பெருசு), அதுக்குப் பதிலா 50 எம்எம் எஃப்/1.8 போட்டா கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ள வருது, மூணு ஸ்டாப்புக்கு மேல. பாடி மாத்துனா இந்த அளவு லாபம் கிடைக்கிறது கஷ்டம், அதுவும் விலையில பாத்தா பாடிக்குப் பக்கத்துலயே வராத லென்ஸ். ஆனா எல்லா நேரமும் எஃப்/1.4, எஃப்/1.8-ல திறந்து வச்சுக்கிட்டு எடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். பெரிய சென்சார் இருக்குற ஃபுல் ஃப்ரேம் கேமராவுல அவ்ளோ திறந்தா ஃபோகஸ் இருக்குற ஆழம் ரொம்பக் கம்மி, மாப்பிள்ளை கைல தாலி ஷார்ப்பா இருக்கும் பொண்ணு மூஞ்சி போயிடும், கெட்டிமேளம் கொட்டுற நேரத்துல ரீடேக் கேக்க முடியாது. அந்த ஒரு நிமிஷத்துக்கு எஃப்/2.8 இல்ல எஃப்/4 வச்சு மேல் பேஸ் ஐஎஸ்ஓ-வுக்குப் போறதுதான் சரி, கொஞ்சம் நாய்ஸ் இருந்தா எடுத்துடலாம், ஃபோகஸ் போனா திரும்ப வராது.

அதோட வெளிச்சத்தக் குறைக்குற வேரியபிள் என்டி ஃபில்டர் லென்ஸ் மேல மாட்டியே கிடந்தா கழட்டிடணும். குறைஞ்ச அளவுல திருப்பி வச்சாலும் அது ஒரு ஸ்டாப்புல இருந்து ரெண்டு ஸ்டாப் வரைக்கும் தின்னுடும், அதாவது வந்த வெளிச்சத்துல பாதியோ முக்காலோ கண்ணாடியிலயே போச்சு.

ஷட்டர்ல நம்ம ஊருக்குன்னு ஒரு கணக்கு இருக்கு. இங்க கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால டியூப் லைட்டும் மலிவான எல்இடி-யும் செகண்டுக்கு 100 தடவை துடிக்கும், ஷட்டர் 1/50 இல்ல 1/100-ல இருந்தா அந்தத் துடிப்பு ஃப்ரேம்ல மாட்டாது. 25 எஃப்பிஎஸ்-க்கு (செகண்டுக்கு 25 ஃப்ரேம்) 1/50 தான் அசைவுக்கும் சரி, வெளிச்சத்துக்கும் சரி. ஃப்ளிக்கர் வருதேன்னு 1/125-க்கும் 1/200-க்கும் போய் தேடுறவங்க ஃப்ளிக்கரையும் வாங்கிட்டு ஒரு ஸ்டாப்புக்கு மேல வெளிச்சத்தையும் இழக்குறாங்க. ஸ்லோ மோஷன் ஆசையும் இங்கதான் காசு கேக்கும், 50 எஃப்பிஎஸ்-க்கு 1/100 வச்சா ஒரு ஸ்டாப் போச்சு, 100 எஃப்பிஎஸ்-க்கு 1/200 வச்சா ரெண்டு ஸ்டாப் போச்சு, கூடவே லைட்டும் துடிக்கும். அட்சதை போடுற காட்சி ஸ்லோவா வேணும்னா 50-லயே நின்னுக்கலாம், அதுவே பாதி வேகம். ஆள் நடமாட்டம் இல்லாத டெக்கரேஷன் ஷாட், கோலம், குத்துவிளக்கு, இதுக்கெல்லாம் தாராளமா 1/25 வச்சு ஒரு ஸ்டாப் கூடுதலா எடுத்துக்கலாம். ட்ரைபாட்ல நின்னா போதும்.

வெளிச்சத்தோட அளவு மட்டுமில்ல, அதோட நிறமும் நாய்ஸ முடிவு பண்ணுது, இது எனக்கு இந்த விஷயத்துலயே ரொம்பப் புடிச்ச பகுதி, பேசுறவங்களும் கம்மி. சென்சார் மேல பாதி பிக்சலுக்கு பச்சை ஃபில்டர், கால்வாசிக்கு சிவப்பு, கால்வாசிக்கு நீலம். ஹோம நெருப்பு, குத்துவிளக்கு, மஞ்சள் பல்பு, இதுல எல்லாம் நீல வெளிச்சம் ரொம்பக் கம்மி. அப்ப நீல பிக்சல் கிட்டத்தட்ட பட்டினி கிடக்கும். நீங்க வொயிட் பேலன்ஸ் வச்சு வேட்டி வெள்ளையா தெரியணும்னு சொன்னீங்கன்னா கேமரா அந்தப் பட்டினி கிடந்த நீல சேனல மட்டும் தனியா ஏத்தும், ஐஎஸ்ஓ 3200-னு ஸ்க்ரீன்ல தெரிஞ்சாலும் நீலம் மட்டும் அதுக்கு மேல எங்கயோ போயிருக்கும். மூஞ்சில ஓடுற அந்த ஊதாப் புள்ளிக்கு இது ஒரு பெரிய காரணம். அதனால ஹோமத்துக்கு முன்னாடி எடுக்கும்போது முழுசா வெள்ளையாக்காம கொஞ்சம் மஞ்சளாவே விட்டுடுங்க, நெருப்பு வெளிச்சம் மஞ்சளாத்தான் இருக்கும்னு பாக்குறவங்களுக்குத் தெரியும், நீல சேனலையும் அவ்ளோ இழுக்க வேண்டியதில்ல.

ரிசப்ஷன் மேடையில இதோட எதிர்ப்பக்கம் நடக்குது. டெக்கரேஷன்காரர் ஊதாவும் நீலமுமா எல்இடி பார் லைட்ட மூஞ்சி மேல அடிச்சு விட்டுடுவார். கண்ணுக்கு பிரைட்டா ஜொலிக்கும், ஆனா சுத்தமான நீல லைட்டுல கால்வாசி பிக்சலுக்குத்தான் ஒழுங்கா வெளிச்சம் கிடைக்குது, சிவப்பும் பச்சையும் காலி. தோலோட நிறம் இருக்குறதே அந்த சிவப்பு பச்சையிலதான். எடிட்ல எவ்ளோ நேரம் உக்காந்தாலும் அங்க இல்லாத நிறத்த வரவழைக்க முடியாது, இழுத்தா நாய்ஸ் மட்டும்தான் வரும். இதுக்கு ஒரே தீர்வு நிகழ்ச்சி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி டெக்கரேஷன்காரர்கிட்ட போய், அண்ணே, கலர் லைட்டெல்லாம் பின்னாடி திரை மேல திருப்பி விட்டுருங்க, முன்னாடி மூஞ்சிக்கு மட்டும் வெள்ளை லைட்டு குடுங்கன்னு கேக்குறதுதான். கேட்டா பெரும்பாலும் செஞ்சு குடுக்குறாங்க, மேடையும் இன்னும் அழகாத்தான் தெரியுது.

சொந்தமா லைட் கொண்டு போறதப் பத்தியும் சொல்லணும். ஒரு காலத்துல கல்யாண வீடியோன்னா கூடவே ஒருத்தர் ஆலஜன் லைட்ட தூக்கிப் புடிச்சுக்கிட்டு வருவார், எல்லாருக்கும் கண்ணு கூசும், வேர்க்கும். கேண்டிட் ஸ்டைல் வந்ததும் லைட்டே வேண்டாம்னு இன்னொரு ஓரத்துக்குப் போயிட்டோம். நடுவுல நல்ல இடம் ஒண்ணு இருக்கு. சின்ன லைட்ட எட்டடி தள்ளி வைக்கிறதுக்கும் நாலடியில வைக்கிறதுக்கும் மூஞ்சில விழுற வெளிச்சம் நாலு மடங்கு வித்தியாசம், தூரம் பாதியானா வெளிச்சம் நாலு மடங்கு. அதனால பவர்ஃபுல்லான ஒரு லைட்ட மண்டபத்துக் கடைசில நிறுத்துறத விட, டிஃப்யூஷன் துணி போட்ட சாதாரண எல்இடி பேனல் ரெண்ட மணவறைக்கு ரெண்டு பக்கமும் பக்கத்துல, ஃப்ரேமுக்கு வெளிய நிறுத்துனா யாருக்கும் கூசாது, ரெண்டு மூணு ஸ்டாப் சுலபமா கிடைக்கும். மூஞ்சியில மட்டும் வெளிச்சம் சரியா விழுந்துட்டா சுத்தி இருக்குற இடம் இருட்டா இருந்தாலும் நாய்ஸ் உறுத்தாது, பாக்குறவங்க கண்ணு மூஞ்சியிலதான் நிக்கும்.

சென்சார் சைஸ் பத்தி சுருக்கமா. ஃபுல் ஃப்ரேம் 36-க்கு 24 எம்எம், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3-க்கு 13 எம்எம், பரப்பளவு கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு. அதே ஃப்ரேமிங், அதே எஃப் நம்பர்னா பெரிய சென்சார் நாலு மடங்கு வெளிச்சம் வாங்குது, ரெண்டு ஸ்டாப். மொபைல் அதுக்கும் ரொம்பக் கீழ, அதனால மொபைல்ல எடுக்குறவங்களுக்கு லைட்டும், மெயின் லென்ஸ மட்டும் பயன்படுத்துறதும்தான் துணை. டெலி லென்ஸும் அல்ட்ரா வைடும் பெரும்பாலான மொபைல்ல சின்ன சென்சார்ல உக்காந்திருக்கும், ராத்திரில அதத் தொடாம பக்கத்துல போய் எடுக்குறதே நல்லது. ஆட்டோ ஐஎஸ்ஓ-வையும் லாக் பண்ணிடுங்க, ஷாட் நடுவுல ஏறி இறங்குற நாய்ஸ எந்த சாஃப்ட்வேரும் ஒழுங்கா எடுக்காது.

எடிட்டுக்கு வந்தாச்சுன்னா ரெண்டு வகை நாய்ஸ் ரிடக்ஷன் இருக்கு, வித்தியாசம் தெரிஞ்சு பயன்படுத்தணும். ஸ்பேஷியல்னா அதே ஃப்ரேமுக்குள்ள பக்கத்து பிக்சல்களப் பாத்து சமப்படுத்துறது, சீக்கிரம் முடியும், ஆனா தோல் மெழுகு மாதிரி ஆயிடும், பட்டுச்சேலை ஜரிகை அழிஞ்சு போயிடும். டெம்போரல்னா முன்னாடி பின்னாடி ஃப்ரேம்களோட ஒப்பிட்டு சராசரி எடுக்குறது. நாய்ஸ் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறும், ஜரிகை மாறாது, அதனால நாலு ஃப்ரேம சேத்தா நாய்ஸ் பாதியாகுது, டீடெயில் அப்படியே இருக்கு. வீடியோ எடுக்குறவங்களுக்கு ஃபோட்டோகிராஃபருக்கு இல்லாத ஒரு வரம் இது. கைய வேகமா ஆட்டுற இடத்துல பேய் மாதிரி ஒரு நிழல் தொடரும், அப்ப அளவக் குறைச்சுக்கணும். முதல்ல டெம்போரல், பத்தலன்னா மட்டும் கொஞ்சம் ஸ்பேஷியல், இந்த வரிசைய மாத்தாதீங்க. கேமராவுக்குள்ள இருக்குற நாய்ஸ் ரிடக்ஷன மெனுவுல குறைச்சு வச்சுட்டு வந்தீங்கன்னா இது இன்னும் நல்லா வேலை செய்யும், கேமரா ஏற்கனவே தேச்சு விட்ட ஜரிகைய எடிட்ல திரும்பக் கொண்டுவர முடியாது. அதே மாதிரி கேமரா குடுக்குற அதிக பிட்ரேட்ல (செகண்டுக்கு எழுதுற தகவலோட அளவு), 10 பிட் இருந்தா 10 பிட்ல எடுங்க.

டாவின்சி ரிசால்வ்ங்கிற எடிட்டிங் சாஃப்ட்வேர்ல இந்த நாய்ஸ் ரிடக்ஷன் காசு குடுத்து வாங்குற ஸ்டூடியோ வெர்ஷன்ல மட்டும்தான் இருக்கு. நீட் வீடியோ ப்ளகின் பிரீமியர், ஃபைனல் கட், ரிசால்வ் எல்லாத்துலயும் ஓடும், ஃப்ரேம்ல டீடெயில் எதுவும் இல்லாத ஒரு வெறும் சுவர் மாதிரி இடத்தக் காட்டுனா அந்த கேமராவோட நாய்ஸ் எப்படின்னு அதுவே படிச்சுக்கும், அதனால ஷூட்ல ஒரே ஒரு ஃப்ரேம்லயாவது அந்த மாதிரி வெறும் இடம் வர்ற மாதிரி எடுத்து வச்சுக்கிட்டா கை குடுக்கும். காசு செலவு பண்ண முடியாதவங்களுக்கு எஃப்எஃப்எம்பெக்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, டீநாய்ஸ் ஃபில்டர் பல வகை அதுலயே சும்மா கிடைக்குது, கமாண்ட் டைப் பண்ணப் பழகுனா போதும். எதுல பண்ணாலும் கலர் நாய்ஸ தாராளமா குறைங்க, வெளிச்ச நாய்ஸ மெதுவா தொடுங்க. நிறத்துல இருக்குற நுணுக்கம் நம்ம கண்ணுக்கு அவ்ளோவா தெரியாது, பெரும்பாலான கேமரா 4:2:0-ங்கிற பதிவு முறையில நிறத்த கால்வாசி பிக்சலுக்குத்தான் பதிவே பண்ணுது, அதனால அங்க அழுத்தித் தேச்சாலும் பெருசா இழப்பு இல்ல. ஷார்ப்னஸ் ஏத்துறதா இருந்தா நாய்ஸ எடுத்ததுக்கு அப்புறம்தான், முன்னாடி ஏத்துனா நாய்ஸுக்கும் சேத்து விளிம்பு போட்டுடும்.

அப்புறம் கருப்ப கருப்பா விடுங்க. விடியக்காலை வாசல் இருட்டுல நாதஸ்வரக்காரங்க பின்னாடி இருக்குற மரம் தெரியலன்னா யாரும் கேக்கப் போறதில்ல, அதத் தெரிய வைக்கணும்னு ஷேடோவ இழுத்தாத்தான் எல்லாருக்கும் நாய்ஸ் தெரியும். எடிட்ல வெளிச்சத்த மாத்துற கர்வ் கோட்டுல கீழ்முனையக் கொஞ்சம் இறக்குனாலே பாதி நாய்ஸ் மறைஞ்சுடும், டீநாய்ஸ் போடுறதுக்கு முன்னாடி இத பண்ணிப் பாத்துட்டு அப்புறமும் தேவையான்னு முடிவு பண்ணுங்க, ரெண்டு மணி நேர கல்யாண வீடியோவுல ரெண்டர் நேரம் எவ்ளோ மிச்சமாகும்னு எடிட்டருக்குத்தான் தெரியும். எல்லாம் முடிஞ்சு ரொம்ப வழவழன்னு தெரிஞ்சா மேல சன்னமா ஃபிலிம் கிரெயின் போடலாம், சுவத்துல பட்டை பட்டையா விழுற பேண்டிங்கும் போகும். ஆனா யூடியூப்ல ஏத்துறதா இருந்தா கிரெயின அளவா வச்சுக்கணும், அவங்க திரும்ப கம்ப்ரஸ் பண்ணும்போது கிரெயினுக்கே பிட்ரேட் முழுக்கப் போய் மூஞ்சி கட்டம் கட்டமாயிடும். 1080பி-ல எடுத்ததா இருந்தாலும் 4கே-வா எக்ஸ்போர்ட் பண்ணி ஏத்துங்க, 4கே-வுக்கு அவங்க குடுக்குற பிட்ரேட் அதிகம். டிவியிலயோ மொபைல்லயோ 1080பி-ல மட்டும் பாக்குற குடும்பத்துக்குக் குடுக்குற ஃபைல்னா இதுக்கு நேர் எதிரா பண்ணலாம், 4கே-ல எடுத்து 1080பி-யா இறக்குனா நாலு பிக்சல் ஒண்ணாகுது, அதுலயே நாய்ஸ் கிட்டத்தட்ட பாதி குறைஞ்சுடும்.